முழங்காலில் நின்ற சேர்மன்

போன வருடம் பனி கரைந்து முடிகிற நேரம், ரொறன்ரோவில் ரெக்ஸ்டேல் பக்கத்து மண்டபம் ஒன்றில் இது நடந்தது. எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு விழா அன்றைக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். கதையைத் திருத்த வேண்டாம், அது நடந்தபடியேதான் இருக்கிறது.

கொரிய நாடகத்தில் இருந்து தொடங்கினால்தான் விளங்கும். என் மனைவி குளிர்காலம் முழுக்க அதைத்தான் பார்ப்பாள். தமிழில் பேச்சை மாற்றிப் போடுகிறார்கள், அதனால் அவளுக்குக் கரைச்சல் இல்லை. முதலில் நான் ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். பிறகு கதிரையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன். மாசி மாதம் வந்தபோது, அவள் மருந்து எடுக்க எழும்பினாலும் "இரு, உது முடியட்டும்" என்று மறிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

நான் இளமையில் கூத்து ஆடியவன். பெரிய வேஷம் இல்லை, ராசா வருகிறார் என்று கூவுகிற கட்டியக்காரன். எங்கள் நடிப்பென்றால் கடைசி வரிசையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும். ராசாவுக்குத் துக்கம் வந்தால் அடுத்த குறிச்சி நாய் குரைக்கும். கொரியாக்காரர் அப்படியில்லை. அங்கே கம்பனி முதலாளியைச் சேர்மன் என்பார்கள். அவருக்குக் கோபம் வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைப்பார், அவ்வளவுதான். வைக்கிற விதத்தைப் பார்த்து நானும் என் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிடுவேன். அதைவிடப் பெரிய கோபம் என்றால் பிடரியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வார்.

கதை எழுதுகிறவர்களும் பொல்லாத ஆட்கள். கிழமைக் கணக்காக நாங்கள் திட்டித் தீர்த்த கெட்டவனை, ஒருநாள் ஒரு சமையலறையில் தனிய இருத்தி, சட்டி மூடியில் நூடில்ஸை வைத்துச் சாப்பிட விடுவார்கள். ஒரு வசனமும் இருக்காது. உடனே என் மனைவி, "பாவம், உவனுக்கும் ஆர் இருக்கினம்" என்பாள். அதற்கு முதலே நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இனி என் சம்பந்திக்கு வருகிறேன். என் மகளின் மாமனார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், நல்ல மனுசன். ஒரே குறை, மைக்கைக் கண்டால் விடமாட்டார். எங்கள் பேத்தியின் முதலாவது பிறந்தநாளைப் பக்கத்து நகரமான பிறம்ரனில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். சம்பந்தி வாழ்த்துரை என்று தொடங்கி, சங்கக்கடையில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்த வருடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சுடச்சுடப் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் ஆறிவிட்டது. பிள்ளை கேக்குக்கு முன்னால் நித்திரையாகிவிட்டது. நான் பாட்டுப் போடுகிற பெடியனைப் பார்த்துப் போடு என்று கையைக் காட்டினேன். அவன் நல்ல குத்துப்பாட்டாகப் போட்டான். சம்பந்தியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. மண்டபம் சிரித்தது. எல்லாரிலும் உரக்கச் சிரித்தது நான்தான். அதை அவர் பார்த்துவிட்டார்.

அன்றைக்கு நின்ற பேச்சு மூன்று வருடமாகியும் தொடங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பிறந்தநாள் எல்லாம் பேத்திக்கு இரண்டு கேக். மத்தியானம் சம்பந்தி வந்து ஒன்றை வெட்டிவிட்டுப் போவார், பின்னேரம் நாங்கள் போய் மற்றதை வெட்டுவோம். கடைசியில் மகள் பொறுமை இழந்து ரெலிபோனில் சொன்னாள்.

"அப்பா, இந்த முறை ஒரே ஒரு கேக்தான். ரெண்டு பேரும் ஒண்டா வந்து நில்லுங்கோ. ஏலாதெண்டா ரெண்டு பேரும் வரவேண்டாம்."

"அப்ப எங்கட துண்டைப் பெட்டியில போட்டு அனுப்பு பிள்ளை" என்றேன்.

அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். மனைவி அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த விதம் கொரிய சேர்மனுக்கே வராது.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கத்து ரீச்சர் வந்து சேர்ந்தா. ஓய்வு பெற்ற தமிழ் ரீச்சர், அவவுக்கும் கொரிய நாடகப் பைத்தியம். ஆண்டு விழாவுக்கு வழக்கமாக ராசா நாடகம்தான் போடுவோம். இந்த முறை கொரிய மாதிரி ஒரு குடும்ப நாடகம் எழுதுகிறேன் என்றா. சேர்மன் வேஷத்துக்கு என்னைக் கேட்டா. மருமகனின் கறுப்புக் கோட்டு எனக்கு அளவாக இருந்தது, ஓம் என்றுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சேர்மன் ஏமாற்றித் தெருவில் விட்ட பழைய கூட்டாளியாக நடிக்கப் போவது என் சம்பந்தி. அவரும் அதே சங்கம்தான், மண்டபத்தின் மற்ற மூலையில் இருப்பார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு காட்சியிலயும் சேர்ந்து வரமாட்டியள்" என்றா ரீச்சர்.

ஒத்திகையில் எனக்குப் பெரிய சோதனை சத்தம்தான். "கூப்பிடடா மனேச்சரை" என்று நான் கட்டியக்காரன் குரலில் சொன்னால் பக்கத்து அறையில் யோகாசனம் செய்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ரீச்சர் தலையில் கை வைப்பா. "கத்தாதேங்கோ அண்ணை, கண்ணால நடியுங்கோ." கண்ணால் என்றால், எனக்கு ஒரு கண்ணில் அதற்கு முந்தின மாதம்தான் கற்றாக்ட், கண்புரை எடுத்தது, அது ஓயாமல் தண்ணி விடும். ரீச்சர் அதைப் பார்த்து "நல்லாயிருக்கு, அப்பிடித்தான்" என்றா. ஒருநாள் நான் பிடரியைப் பிடித்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்துவிட்டேன். நேர்சாக இருந்த ஒரு அன்ரி ஓடிவந்து என் வாய் கோணுகிறதா என்று பார்த்து, அம்புலன்சுக்கு அடிக்கப் போய்விட்டா. நடிப்பு என்று நம்பவைக்கப் பெரிய பாடாகிவிட்டது.

அந்தக் குழப்பம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் கோட்டை மாட்டிவைக்கப் பின்பக்கம் போனேன். அங்கே சம்பந்தி தனிய ஒரு கதிரையில் இருந்தார். மனைவி தவறிய பிறகு அவரே தனக்குச் சமைத்துக்கொண்டு வருகிறவர். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பாணும் சம்பலும் வைத்து, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடியில்! எனக்கு முதலில் ரீச்சரில்தான் கோபம் வந்தது, இந்தக் காட்சியையும் அவதான் எழுதிக் குடுத்தாவோ என்று. சத்தம் போடாமல் திரும்பிவந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ரோல்ஸ் இறங்கவில்லை.

நாடகத்தின் முடிவை ரீச்சர் கடைசிக் கிழமை வரைக்கும் எழுதவில்லை. கேட்டால், கொரியாவிலும் நாடகம் ஓட ஓடத்தான் எழுதுவார்களாம். கடைசி ஒத்திகையில் வாசித்துக் காட்டினா. சேர்மன் தன் கூட்டாளியிடம் போகிறார். ஒன்றும் கதைக்காமல் அவர் முன்னால் முழங்காலில் நிற்கிறார். நாடகம் முடிகிறது.

"ரீச்சர், சேர்ந்து வராதெண்டு சொன்னனீங்கள்."

"கதை அங்க போட்டுது அண்ணை, நான் என்ன செய்ய?"

"நிண்டபடி கையைக் கும்பிட்டா போதாதோ?"

"உது எங்கட படம். கொரியாக்காரர் முழங்காலிலதான் மன்னிப்புக் கேப்பினம்."

சம்பந்தி மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் தெரிந்ததாக எனக்குப் பட்டது. என் இடது முழங்கால் தேய்ந்துபோய், மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிற கால். அதையும் சொல்லிப் பார்த்தேன். மேடைக்குத் திரைச்சீலை இல்லை, விளக்கை அணைப்பதுதான் திரை. முழங்கால் நிலத்தில் பட்டவுடன் விளக்கை அணைப்போம், இருட்டில் எழும்பிவிடலாம் என்று ரீச்சர் வாக்குக் கொடுத்தா. வீட்டில் வந்து, நடிக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்றேன். மனைவி சொன்னாள்: "சொல்லுங்கோ. கோட்டைக் கழட்டித் தாங்கோ, மருமோனுக்கு அனுப்புவம். அவையள் கேக் துண்டு அனுப்புற பெட்டியிலயே அதையும் போட்டு அனுப்பலாம்."

நாடக நாள் வந்தது. மண்டபம் நிறைந்துபோய், கதிரை காணாமல் ஆட்கள் நின்றார்கள். மகளும் மருமகனும் முன்வரிசை. கடைசிக் காட்சியில் சம்பந்தி கதிரையில் இருந்தார். நான் மெதுவாகப் போனேன். வலது காலை மடக்கினேன், இடது காலை மடக்கினேன். முழங்கால் பலகையில் பட்டது. விளக்கு அணையவில்லை.

விளக்குக்குப் பொறுப்பாக நின்றவர் எங்கள் சங்கத்துச் செயலாளர். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் லேஞ்சியைப் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவிச்சில் கை இல்லை.

சரி, எழும்பிவிடுவோம் என்று பார்த்தேன். இடது கால் பிடித்துக்கொண்டது. பூட்டுப் போட்ட மாதிரி, அசையவில்லை. வலி உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணி கொட்டுகிறது, இரண்டு கண்ணிலும். பிடிக்க ஒன்றும் இல்லாமல் சம்பந்தியின் இரண்டு காலையும் பிடித்தேன்.  எங்கேயோ ஒரு பொம்பிளை விம்மினது கேட்டது. அது என் மகள் என்று பிறகு தெரிந்தது.

சம்பந்தி குனிந்தார். உதடு அசையாமல் கேட்டார்: "பிடிச்சிட்டுதோ?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கதைத்த முதல் வார்த்தை அது.

"ஓம்."

"எந்தக் கால்?"

"இடது."

"பொறுங்கோ. அழுகிற மாதிரி என்ரை தோளில சாயுங்கோ. நான் தூக்கிறன்."

அவர் என் கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். பாதியில் இடுப்புப் பிடித்து நின்றுவிட்டார். என் காதுக்குள் சொன்னார்: "என்ரை நாரியும் போச்சு. இனி இப்பிடியே நிப்பம்."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடி, விழுந்துவிடாமல் நின்றோம். எனக்கு வலியோடு சிரிப்பும் வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. தோள் இரண்டும் குலுங்குகிறது. சபைக்கு அது அழுகை. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். மேடையின் முன்னால் ஒரு மைக் சும்மா நின்றது. கைக்கு எட்டுகிற தூரத்தில் மைக் இருந்தும் சம்பந்தி ஒன்றும் பேசாமல் விட்டது என் அறிவில் அந்த ஒருநாள்தான். பிறகு யாரோ சுவிச்சை அமத்தினார்கள். நாலு பேர் வந்து எங்களைப் பிரித்து எடுத்தார்கள்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் போய் நின்றோம். கேக்கைக் கொண்டுவந்து வைத்ததும் பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மற்றக் கேக் எங்கை?" என்று கேட்டாள்.  சம்பந்தி மைக்கை எடுத்தார். சீனித் தட்டுப்பாட்டை விட்ட இடத்தில் இருந்து தொடங்கி, முழுக்கச் சொல்லி முடித்தார். நான் ஆறின ரோல்ஸை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டேன். நடுவில், "இவர் எனக்கு முன்னால முழங்காலில நிண்டவர். அதுக்கு ஒரு பெரிய மனசு வேணும்" என்றார். அது மனசு இல்லை, முழங்கால் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை, கண் மட்டும்தான். ரீச்சர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் இப்பவும் காலை மாற்றச் சொல்லிக் கேட்கிறார், மகளும் கரைச்சல் தருகிறாள். அடுத்த குளிருக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டு வருகிறேன், ஏனென்றால் மூன்று வருடமாக என் வாய் செய்யாத காரியத்தைச் செய்து முடித்த முழங்காலை வெட்டி எறிய எனக்கு இன்னும் மனசு வரவில்லை.