அளவறையின் சண்டைக்காரி

"செருப்பை இப்படியா வழியை மறிச்சுப் போடுவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி அளவறையில் அவள் கேமராவைக் கையில் எடுப்பாள். மேலாடையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வரும்; விறைத்து நிற்பாள். படம் எடுப்பவளுக்கு வேண்டியதும் அதுதான். ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் அழுகை முட்டும், தோள் குலுங்கும், படம் கெடும். நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் சண்டைக்காரி.

ஆழத்தையும் அளக்கும் அந்தக் கேமரா, வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியது. பெரிய இயந்திரம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வக்கில்லை. மூச்சடக்கி நிற்பவரை அவள் அரைவட்டமாகச் சுற்றி வந்தால், மார்பின் மேடுபள்ளம் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிற உருவமாக எழும். புற்றுநோய் வந்த மார்பை எடுத்துவிட்டு வயிற்றுச் சதையால் புதிதாக ஒன்றை அமைக்கும் டாக்டர், எவ்வளவு சதை வேண்டும் என்று அதில்தான் அளப்பார்.

இன்று வந்து நிற்பது அவளுடைய சொந்த அக்கா. நாளைக் காலையில் ஆபரேஷன்.

"என்னடி, வர்றவங்க எல்லார்கூடயும் மல்லுக்கு நிப்பியாம். எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையா?"

"உன்கூட வீட்ல போட்டதே போதும். மூச்சை விட்டுட்டு அப்படியே நில்லு."

சுற்றி வந்தாள். திரையில் மார்பின் ஓரம் இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். அதே கோடு.

"ஆடாம நில்லுக்கா."

"நான் கம்பம் மாதிரிதான் நிக்கிறேன். ஆடுறது உன் கை. பெரிய படிப்பு படிச்சவ."

குனிந்து பார்த்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. இதுவரை கெட்ட படங்களில் எத்தனை இந்தக் கையால் கெட்டவையோ?

திரைச்சீலையை விலக்கி நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "டாக்டர் கிளம்பறாரு. படம் வரலேன்னா டேப் வச்சு உத்தேசமா பாத்துக்கறேங்கறாரு."

"உத்தேசமெல்லாம் வேணாம். அவரை ரெண்டு நிமிஷம் பிடிச்சு வை."

கேமராவை மேஜைமேல் இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே செருகினாள். டாக்டரின் சுழல் நாற்காலியை இழுத்துவந்து அக்காவை உட்காரவைத்தாள்.

"சரியா வருமாடி?" அக்காவின் குரல் முதன்முறையாக இறங்கியது.

"வாயை மூடு. பேசினா கெட்டுடும்."

கேமராவின் பார்வைக்குக் கீழே தரையில் மண்டியிட்டு, நாற்காலி இருக்கையின் அடிப்பக்கத்தை இரு கைகளாலும் பிடித்து, மெல்லச் சுழற்றினாள். கம்ப்யூட்டர் மணி அடித்தது.

"வந்துடுச்சு, ஒத்தைக் கோடுதான்," என்றாள், டாக்டரை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்த நர்ஸ், திரையைப் பார்த்து.

"மூச்சு விடலாமா?" என்றாள் அக்கா.

"ம்."

படம் வந்த பிறகும், தலை நிமிராமல், அவள் நாற்காலியை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.