சொல்தா வீட்டுக் கேட்சர்

நான் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறேன் என்று கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லி வைத்தவர் என் அப்பா. அவர் சொல்தா, பிரான்சுக்காகப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சன் வாங்குகிறவர். அவருடைய அப்பாவும் சொல்தாதான். பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பிறந்த பையன் வேறு என்ன ஆவான்? நான் ஆனேன். பட்டாளத்துக்குப் போக மாட்டேன் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டுப் பேஸ்பால் கேட்சர் ஆனேன். தெற்குப் பிரான்சில் ஒரு கிளப் சம்பளம் கொடுத்து என்னை மட்டையாளனுக்குப் பின்னால் குந்தவைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த இடத்தை எவனுக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரில் வந்து இறங்கினால் ‘பட்டாளத்துக்காரன் வந்துட்டான்’ என்கிறார்கள். வயிறு எரியாதா?

ஊரில் காலேஜ் படித்தபோது நான் விக்கெட் கீப்பர். பேஸ்பால் டீமுக்கு ஆள் குறைந்தபோது, கையுறை போட்டுப் பழகியவன்தானே என்று என்னை இழுத்துப் போட்டார்கள். எனக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. பந்து வரும்போது கீப்பர் அதோடு சேர்த்துக் கையையும் பின்னால் இழுப்பான். இழுக்காவிட்டால் பந்து தெறித்துப் போகும், விரல் பெயர்ந்துவிடும். கேட்சர் அப்படி இழுத்தால் குடி முழுகியது. ஓரமாக வந்த நல்ல பந்து கூட, கை போகிற போக்கில் விலகிப்போன பந்தாகத் தெரியும். பின்னால் நிற்கும் அம்பயர் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். பந்து வீசுகிறவர்கள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். உனக்கு இது சரிவராது, மைதானத்தின் கோடியில் போய் நின்று உயரப் பந்தைப் பிடி என்றார் கோச். மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோடியில் நிற்பதற்கா கடல் தாண்டி வந்தேன்?

பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கிளப் சுவரில் முதுகை ஒட்டவைத்துக் குந்துவேன். என்மேல் இரக்கப்பட்ட ஒருவன் பந்து எறிவான். கை பின்னால் போனால் முழங்கை சுவரில் இடிக்கும். இடித்து இடித்து வீங்கியது. சோறு தின்னக்கூட அந்தக் கையை மடக்க முடியவில்லை. அந்தச் சீசன் முடிவதற்குள் என் கையுறை பந்து வந்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நின்றது. பிறகு யார் என்னை நகர்த்துவது? குந்திய நிலையிலிருந்து நான் எறிகிற பந்துக்குப் பயந்து, எதிரணி ஆட்கள் பந்து வீசுகிற நேரம் பார்த்து அடுத்த தளத்துக்குத் திருட்டு ஓட்டம் ஓடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையைத்தான் சொல்கிறேன்.

போன ஜூலையில், முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஓய்வுக்காக வீட்டுக்கு வந்திருந்தேன். ஜூலை பதினாலு பிரான்சின் தேசிய நாள், சொல்தா வீடுகளுக்குத் தீபாவளி மாதிரி. பெரியவர்கள் மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் கூடுவார்கள். கொடி ஏறும், பிரெஞ்சு தேசிய கீதம் பாடுவார்கள். அன்று காலை அப்பா தன் கோட்டு ஒன்றை எனக்காகத் தேய்த்து வைத்திருந்தார். யாராவது கேட்டால் லீவில் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“ஏம்பா, நான் இன்னா திருட்டு வேலையா செய்யறேன்?” என்று கேட்டேன்.

“சொல்தா புள்ள சொல்தா ஆவலன்னா ஊர்ல இன்னா நெனப்பாங்க? பட்டாளத்துல சேத்துக்கலன்னுதான் நெனப்பாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் எட்டிக்கூடப் பார்க்காத பட்டாள வாசலிலிருந்து என்னைத் துரத்திவிட்டதாக யாரோ நினைத்துவிடுவார்களாம்; அதற்காக நான் ஆடிய ஆட்டமெல்லாம் மண்ணாகப் போகவேண்டுமாம். கோட்டை மடித்துக் கட்டிலில் வைத்தேன். பெட்டியைத் திறந்து, முதுகில் என் நம்பர் போட்ட கிளப் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். கடற்கரையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

அங்கே அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர் ஆசையாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோணிப்போயிருந்த விரல்களைப் பார்த்தவர், துப்பாக்கியில் மாட்டியதா என்று விசாரித்தார். பிறகு எந்த ரெஜிமான், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அப்பா கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெஜிமான்லாம் இல்ல மாமா. நான் பேஸ்பால்ல கேட்சர். பந்து பட்டு ஒடஞ்ச வெரலு இது.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். “அப்ப இவன பட்டாளத்துல சேத்துக்கலியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையை வெடுக்கென்று பற்றினார்.

“சேத்துக்கறதுக்கு இவன் போயிருக்கணுமே. போவ மாட்டேன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னவன் இவன். இன்னிக்கும் அதத்தான் சொல்றான்.”

அங்கிருந்த அத்தனை சொல்தாக்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது, எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். அப்பா கோபத்தில்தான் என் கையைப் பிடித்தார். பாட்டு முடிகிறவரை விடவில்லை.