சலீம் ஏற்றித் தந்த வேகம்

கனடாவில் இசைத்தட்டுக் கடைக்காரர்கள் நம் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, முழு ஆல்பத்தையும் நின்றபடி ஓசியில் கேட்க விடுகிறார்கள். வாங்காமல் வெளியேறினால் நன்றி வேறு சொல்கிறார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல்தான், எனக்குப் பிடித்த கிழட்டு ஹார்ட் ராக் குழு பல வருஷம் கழித்து வெளியிட்ட புது ஆல்பத்தை வாங்கினேன். கேட்டு முடித்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்: முந்தைய ஆல்பத்தில் பாய்ந்தவர்கள் இதில் உசிலம்பட்டி டவுன் பஸ்போல நின்று நின்று போகிறார்கள், பாடகரின் குரலும் தடித்துவிட்டது.

தீர்ப்பைக் கேட்டவன் கெவின், கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குபவன். இந்த ஊரில் என் பேச்சை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்றால் அது அவன் மட்டும்தான். அதுவும் இந்தக் குழுவைப் பற்றிப் பேசினால்தான். "இரண்டும் ஒரே வேகம்தானே?" என்றான். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பழைய ஆல்பத்தின் சிடியைத் தன் காரில் போட்டான். பாட்டு ஊர்ந்தது. "இது ஒரிஜினல் இல்லை" என்றேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் வேறு பதிப்பு வந்ததோ?" என்று பணிவாகக் கேட்டான். "ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த வேறு பதிப்பை வெளியிட்டவன், கோரிப்பாளையத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த என் நண்பன் சலீம். தொண்ணூறுகளில் கல்லூரிக்கென்று திருமங்கலத்தில் பஸ் ஏறி, நான் போய்ச் சேர்ந்ததெல்லாம் அவன் கடையில்தான். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியிலிருந்து அவன் ஏற்றித் தந்த கேசட்டைத்தான் தேயத் தேயக் கேட்டிருந்தேன். அவனுக்குப் போன் போட்டேன்.

"ஆல்பம் அறுபத்தஞ்சு நிமிசம் மாப்ள, கேசட்டு அறுபது. கடைசிப் பாட்ட வெட்டுனா நீ சும்மா விடுவியா? பதியுறப்ப மோட்டார் ஸ்க்ரூவ லேசாத் திருப்பி டெக்க மெதுவா ஓட விட்டேன். உன் வீட்டு டேப்பு சரியான ஸ்பீடுல ஓடுமில்ல, அதுல போட்டா பாட்டு வெரசா ஓடும், குரலும் மெலிசாயிரும். அம்புட்டுத்தான்."

"அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"நீதான் என்னா ஸ்பீடு, என்னா ஸ்பீடுன்னு கடையில நின்னு ஆடுன. அதப் போயி கெடுக்கவா? புதுசையும் அனுப்பு, நம்ம வேகத்துல ஏத்தித் தாரேன்."

"டெக்கு இருக்கா?"

"அது பழைய இரும்புக் கடைக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு!" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

கெவினிடம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். புது ஆல்பம் பழையதற்கு எதிலும் குறைந்ததில்லை, வேகம் ஏறிய கேசட்டில் கேட்ட என்னிடம்தான் கோளாறு என்று உண்மையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், பாவம் பார்த்தான். அதன்பின் அந்தக் குழுவைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை; விளக்குகிறான்.

இப்போதும் இடைவேளையில் அவன் காரில் அந்தப் பழைய ஆல்பம் ஓடுகிறது. டிரம் அடி விழும் முன்பே என் கால் தட்டிவிடுகிறது. சுதாரித்து அடுத்த அடிக்குக் காலைத் தூக்குகிறேன்; பாட்டு இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.