சொந்தப் பாவு

பிளஸ் ஒன் படிக்கும்போது எங்களை ஏழு நாள் முகாமுக்கு முசரவாக்கம் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த பள்ளிக்கூடத்திலேயே தங்கல். காலையில் குப்பை பொறுக்குவது, சாயங்காலம் குழுக் குழுவாக நாடகம். எங்கள் குழுவுக்குச் சீட்டில் விழுந்தது குழந்தைத் திருமணம். "இதையே எத்தினி வாட்டிபா போடுவாங்க" என்று முதலில் அலுத்துக்கொண்டது நான்தான்.

என் பெஞ்சுக்காரி, பக்கத்துத் தெருப் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், "நான் எழுதறேன்" என்றாள். மகள் வேஷமும் தனக்கே வேண்டும் என்றாள். எனக்கு அப்பா வேஷம், கண்மையில் மீசை.

அவள் எழுதியதில் ஒரு காட்சி. மகள் பள்ளிவிட்டு வருகிறாள். வீட்டுத் தறியில் அரக்கு நிறத்தில் புதுப் பாவு, புடவைக்கான நீளவாட்டுப் பட்டிழை, இழுத்துக் கட்டியிருக்கிறது. "யாரு பாவுப்பா இது? முதலாளி குடுத்ததா?" என்று கேட்கிறாள். அப்பா பதில் சொல்லாமல் தலை குனிந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் தெருக்களில் தறியில் ஏறுவது முதலாளியின் பட்டு. சொந்தப் பாவு ஏறினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். இது நெசவுக்கார வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் டீச்சரும் தறிக்கார வீட்டுப் பெண்தான்.

பெஞ்சைக் கவிழ்த்து, அரக்குத் துப்பட்டாவைக் கட்டித் தறி செய்தோம். ஒத்திகையில் மூன்று தடவை என்னிடம் சொன்னாள்: "நீ எதுவும் பேசாதபா. சும்மா நில்லு. டீச்சருக்குப் புரியும்."

நான் சும்மா நிற்கிற ஜென்மமா? மேடையில் அவள் கேட்டதும் மீசையை முறுக்கி, "உன் கண்ணாலத்துக்குத்தாண்டி!" என்று கத்தினேன். கொட்டகையே சிரித்தது. டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் மட்டும் அடுத்த வசனத்தை மறந்து என்னையே பார்த்தாள். அதையும் நடிப்பு என்று கைதட்டினார்கள். எங்களுக்கு முதல் பரிசு, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்.

தட்டு கழுவும்போது கேட்டாள். "உனக்கு எப்டிபா தெரியும்? உங்க வூட்ல பேசிக்கினாங்களா?"

"இன்னாது? சும்மா அடிச்சி உட்டேன். எல்லாரும் சிரிச்சாங்கல்ல?"

"ஆமா" என்றாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். அப்போதே எனக்கு ஏதோ பிடிபட்டது. ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முகாம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் பகலில் அவள் அப்பா பைக்கில் வந்து நின்றார். "அத்தைக்கு ரொம்ப முடியல டீச்சர். இவள பாக்கணும்ன்றாங்க." டீச்சர் நோட்டில் கையெழுத்து வாங்கினார். "நேத்து உங்க பொண்ணு சூப்பரா நடிச்சா சார்" என்று பாராட்டவும் செய்தார்.

அவர் சட்டைக் கையில் பட்டு இழை ஒட்டியிருந்தது. தறியை விட்டு எழுந்து வருகிற யார் சட்டையிலும் ஒட்டும். இது அரக்கு.

அவள் பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். டீச்சர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஒரு வார்த்தை போதும். முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு அந்த ஒரு மனிதரைக் கண்டு பயம். தெருவில் பேச்சு வரும், என் அப்பா என்ன சொல்வார் என்ற பயம். பைக் கேட்டைத் தாண்டும்வரை, ஒத்திகையில் அவள் சொல்லிக்கொடுத்தபடியே, எதுவும் பேசாமல் தலை குனிந்து நின்றேன்.

அதன் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.