தவக்காலத்தில் அந்தோணி விட்டது

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் வீடு தேடிப் போய், மாத்திரையை ஒழுங்காகத் தின்கிறார்களா என்று அட்டையை எடுத்துப் பார்ப்பது என் வேலை. சொல்பேச்சு கேளாதவர்களால் ரத்தக்கொதிப்பு வாங்கிய நர்சுகளே, இது உங்களுக்குத்தான்.

ஒரே வயிறு

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அந்தோணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அண்ணன் சூசை மாரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றார். ரத்த வகை ஒன்றுதான். திசுப் பரிசோதனையிலோ பொருத்தமே இல்லை.

ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருப்பதில் துணுக்கு துணுக்காக எடுத்து, வெளியே ஒரு தட்டில் வைத்துக் காட்டும். தட்டு ஆளுக்கு ஆள் வேறு. ரத்தத்தில் காவல் சுற்றும் கொல்லும் டி செல்கள் அதைத் தொட்டுப் பார்க்கும். நம் தட்டு, நம் சரக்கு என்றால் விட்டுவிடும். கிருமியின் துணுக்கோ அடுத்தவர் தட்டோ இருந்தால் அந்தச் செல்லையே தீர்த்துவிடும். அவற்றை அடக்க ஆயுள் முழுக்க மாத்திரை தின்றால் பொருத்தமில்லாததையும் வைக்கலாம் என்று விளக்கினேன். சூசைக்கு மனசு ஆறவில்லை.

“ஏனுங்க சிஸ்டர், ஒரே வயித்துல பொறந்துபோட்டு நான் எப்படிங்க அவனுக்கு வேத்தாளு ஆவேன்?”

இருபதாம் நாள்

அண்ணனின் சிறுநீரகத்தை வைத்த ஆபரேஷன் முடிந்து அந்தோணி ஒரு வருடம் நன்றாகவே இருந்தார். அடுத்த தவக்காலத்தின் இருபதாம் நாள் காலையில் போனேன். அந்தோணியின் முகம் வீங்கியிருந்தது. மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாள் நோன்புக்கு வீட்டில் மற்றவர்கள் கறியை விட்டிருக்க, இவர் ஆண்டவருக்கு நன்றியாக மாத்திரையை விட்டிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவரோ நிதானமாகச் சொன்னார்.

“கருவாட்ட நீங்க நிறுத்திப்போட்டீங்க, பீடிய டாக்டரு நிறுத்திப்போட்டாரு. விடறதுக்கு எங்கிட்ட வேற என்னங்க இருக்குது?”

சூசையின் முறை

சேலத்து ஆஸ்பத்திரியில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் முழுக்க டி செல்கள் மொய்த்துக் கிடந்தன. அது போனால் அந்தோணிக்கு மறுபடியும் டயாலிசிஸ்தான். கொடுப்பதற்கு அண்ணனிடம் இன்னொன்று கிடையாது. விஷயத்தைச் சூசையிடம் சொன்னேன். தம்பியை அடிக்கப் போகிறார் என்றே பயந்தேன்.

மருந்து ஏற்றி, முக்கால்வாசி வேலை செய்யும் அளவுக்கு அதை மீட்டார்கள். சூசை வார்டுக்குள் போய், மாத்திரையைப் பிரித்துத் தம்பியின் வாயில் தானே போட்டார்.

“ஒனக்கும் சேத்து இனிமே நானே ஒரு வேள சோத்தோட ஒருசந்தி இருந்துக்கறேன் சாமி. நீ முழுங்கு.”

டி செல்லை வழிக்குக் கொண்டுவர மாத்திரை இருக்கிறது, மாத்திரை தின்ன வேண்டிய ஆளை வழிக்குக் கொண்டுவர அண்ணனை விட்டால் வேறு மருந்தில்லை.