நெரவியில் உதித்த பிறகு

செல்லையன் திருநள்ளாற்றில் ஒரு விடுதியில் சமையல்காரர். சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சோறு வடித்தே முதுகு வளைந்தவர். அங்கே ஒருமுறை சாப்பிட வந்த தியாகராசன் தில்லியில் ஒரு தமிழர் சங்கத்துச் செயலாளர். கைப்பக்குவம் அவருக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து ஒவ்வொரு தைப் பிறப்புக்கும் செல்லையன் தில்லியில் இருந்தார். மைதானத்தில் பெரிய பானை, கும்மி, மேடைப் பேச்சு. திரும்பும்போது இருமலும் வெடித்த குதிகாலும். "அடுத்த வருசம் போவமாட்டேன்" என்பார். போவார்.

முதல் வருடம் பனிமூட்டத்தில் சூரியனே தெரியவில்லை. சூரியனைக் காணாமல் பால் பொங்கக்கூடாது என்று விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளைகள் பசியில் அழுதன. கடைசியில் சொந்த ஊரான நெரவிக்குப் போன் போட்டார்.

"அங்க சூரியன் வந்துட்டுதா?"

"எப்பவோ வந்துட்டுது. மாட்டுக்கு முதுகு சுடுது" என்றாள் மனைவி குஞ்சம்மா.

"அது போதும்." விறகைத் தள்ளினார். அன்றிலிருந்து தில்லிப் பானை நெரவிச் சூரியனுக்குத்தான் பொங்கியது.

போன ஐப்பசியில் இறந்துபோனார். இந்தத் தையில் வீட்டில் பானை வைக்கவில்லை, கோலம் போடவில்லை. காரியம் முடிந்தும் குஞ்சம்மா வாசற்படி தாண்டவில்லை. மகள் வெண்மதி மின்துறையில் இளநிலைப் பொறியாளர். எரியாத அடுப்பைச் சரிசெய்ய அவளுக்கு வழி தெரியவில்லை. அம்மாவை வெளியே கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

பொங்கலன்று காலையில் போன் அடித்தது. தியாகராசன்.

"வெண்மதி, இங்க ஒரே பனி. அங்க சூரியன்..."

"சாவு வீடுங்க. எங்களுக்குப் பொங்கல் இல்ல. நீங்களே பொங்க விட்டுக்குங்க."

"தெரியும்மா. அடுப்படியில நிக்கிறவங்க விறகத் தள்ள மாட்டேங்கிறாங்க. நெரவியிலேர்ந்து சொல்லணுமாம். உங்கப்பா அப்படிப் பழக்கி வச்சிட்டாரு."

"சரி, வந்துட்டுது. தள்ளச் சொல்லுங்க."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "பாத்தாங்களாமா? அம்மால்ல பாத்துச் சொல்வாங்க?"

வெண்மதிக்கு எரிச்சலாக வந்தது. போனை வைக்கப் போனாள். கூடத்தில் சுருண்டு கிடந்த குஞ்சம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"குடு இங்க. பால் அடிப் பிடிச்சிடும்."

போனை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நடந்தாள். படியில் ஒரு கணம் நின்றாள். இறங்கினாள். வெயில் பழக்கமில்லாமல் கண் கூசியது. புறங்கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே பார்த்தாள்.

"வந்துட்டுதுங்க. விறகத் தள்ளுங்க."

கூட்டம் கத்துவதற்குள், சாவு வீட்டில் அந்தச் சத்தம் விழக்கூடாதென்று தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். போனுக்குள் "பொங்கலோ பொங்கல்" அடங்கும்வரை அங்கேயே நின்றாள். வெண்மதி படியில் நின்று பார்த்தாள்.

திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே அல்ல, படியில்.