வெள்ளிக்கிழமைச் சினைப்பைகள்

டாக்டர் சிவகுருநாதனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், சட்டை கசங்காமல் உட்காரத் தெரிந்தவர் என்பேன். கிள்ளானில் பிறந்து, அரசாங்கச் செலவில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வந்தவர். 1982-இல் எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கூடத் தலைவர். நான் மார்க்கிரட், அவருடைய டைப்பிஸ்ட். அந்த ஆளின் இங்கிலீஷைத் திருத்தித் திருத்தியே என் கண் கெட்டது.

அவருடைய ஆராய்ச்சி, பெட்டை நாய்களின் சினைப்பையில் ஹார்மோனைச் செய்யும் நொதியைப் பற்றியது. கருத்தடை அறுவையில் எடுத்த சினைப்பையை உடனே உறைய வைத்து, மெல்லியதாகச் சீவி, சாயநீரில் விட்டால், நொதி வேலை செய்யும் இடம் நீலமாகும். அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் நொதி செத்துவிடும். இது ஆய்வுக்கூட உதவியாளன் வேலாயுதத்துக்கே தெரியும். செந்தூலிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாவதற்கு டாக்டர் ஓர் அறிக்கை எழுத வேண்டும்.

நாய்களுக்கு அறுவை வெள்ளிக்கிழமைதான். டாக்டருக்கோ வெள்ளி விரதம். காலையில் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். அன்று பச்சை மாமிசம், சாமி படம் மாட்டிய அவருடைய ஆய்வுக்கூடத்தில் யார் கையிலும் இருக்கக்கூடாது.

“போத்தலில போட்டு வை. ஃபார்மலினுக்குள்ள போனா அது இறைச்சியில்லை, ஸ்பெசிமன். திங்கக்கிழமை பாப்பம்.”

“டாக்டர், ஃபார்மலின்ல போட்டா கலர் வராது லா.”

“நீ எந்த யூனிவர்சிட்டி?”

எட்டு மாதம் ஒரு துண்டிலும் நீலம் ஏறவில்லை. அதற்கு அவர் கண்ட முடிவையும் நான்தான் டைப் அடித்தேன்: இந்நாட்டு நாய்களின் சினைப்பையில் அந்த நொதி மிகக் குறைவு. ஜன்னலுக்கு வெளியே தெருநாய் ஒன்று ஏழு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு வெட்கமாவது மண்ணாவது.

வேலாயுதம் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் விரதச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும், ஒரு ஜோடிச் சினைப்பையை உறைய வைத்துச் சீவிச் சாயநீரில் விட்டான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, வந்து பாருங்களேன்.”

மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். மசி கொட்டியது போல நீலம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரும் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“வெள்ளிக்கிழமையோ செய்தனி?”

“ஆமா டாக்டர்.”

“சாமி படம் இருக்கிற இடத்திலயோ?”

அந்த வாரம் அவரிடமிருந்து இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, அந்த நீலப் படத்துடன், அவர் பெயர் மட்டும் போட்ட புதிய கட்டுரை. ‘சினைப்பைகள் அறுவையன்றே உறைய வைக்கப்பட்டன’ என்று கூசாமல் எழுதியிருந்தார். மற்றது வேலாயுதத்தைப் பற்றிய அறிக்கை: சொன்ன பேச்சைக் கேளாதவன், நிரந்தரமாக்கத் தகுதியில்லை.

இவரெல்லாம் ஒரு மனிதரா என்று திட்டிக்கொண்டே, இரண்டையும் அன்றே டைப் அடித்தேன். எனக்கும் அவர்தான் அறிக்கை எழுத வேண்டும். ஒரு பிழையும் இல்லை என்று பாராட்டினார்.